காத்திருத்தலும் கருமமாற்றலும்

(பழைய மாணவன் ஒருவன்)

அவதானம் என்பது தமிழ்ப் புலவரிடையே நெடுங்காலம் போற்றப்பட்டு வந்த அரியதொரு கலை. எட்டுப் பொருள்களில் ஒருங்கே கருத்தைச் செலுத்த வல்லவர் அட்டாவதானி. நூறு பொருள்களிற் செலுத்த வல்லவர் சதாவதானி. மேலைப்புலோலியிற் பிறந்து 1907ஆம் ஆண்டில் மறைந்த நா. கதிரைவேற்பிள்ளை அவர்கள் சதாவதானி என்னும் சிறப்புப் பெற்றவர் என்பதை நம்மவர் பலரும் அறிவர். அவதானியின் அவையிலே ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் கணக்கொன்றை வினவுவார். ஒருவர் அவதானியின் முதுகிலே சிறு கற்களை ஒவ்வொன்றாக எறிவார். மற்றொருவர் இடையிடையே மணியை அடிப்பார். ஈற்றிலே வெண்பாவும் நிறைவெய்தும். கணக்குக்கு விடையும் வரும். கல் எத்தனை, மணி எத்தனை என்பதும் வழுவின்றிச் சொல்லப்படும்.

ஈண்டு உற்றுநோக்கத்தக்கது ஒன்றுண்டு. அவதானிக்கு உள்ளம் எட்டன்று, ஒன்றே. வெண்பாவின் இரண்டாம் அடியில் நிறுத்திவிட்டுக் கணக்குக்குச் செல்கின்றார்; கணக்கை நிறுத்திவிட்டு மணியை எண்ணுகின்றார்; மீண்டு வரும்போது விட்ட அசையிலிருந்தே வெண்பாவைத் தொடர்கின்றார். விட்ட இடத்தை மறவாது வைத்திருத்தலும், ஒன்றின்பொருட்டு மற்றொன்றைக் கலங்கவிடாமையுமே அக்கலையின் உயிர்நிலை.

கணனி நிரல் எழுதுதலையே தொழிலாகக் கொண்ட அடியேனை நோக்கி, இன்றைய மாணவர்க்குப் பயன்படும் கட்டுரையொன்று தருக என இம்மலர்க் குழுவினர் பணித்தபோது, முதற்கண் நினைவில் எழுந்தது இவ்வவதானக் கலையே. ஒரே கணனி எங்ஙனம் பல்லாயிரம் பேருக்கு ஏககாலத்தில் மறுமொழி கூறுகின்றது? அங்ஙனம் கூறுங்கால் நேரக்கூடிய இடர் யாது? இவ்விரு வினாக்களுக்கும் இயன்றவரை எளிய விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு சொற்களை முதலில் வேறுபடுத்திக் கொள்ளுதல் நன்று. எட்டுப் பேர் கூடி, ஆளுக்கொரு வேலையை ஒரே கணத்திற் செய்வது சமாந்தரம். ஒருவரே எட்டு வேலைகளையும் கையில் ஏற்று, மாறி மாறிக் கவனித்து முடிப்பது உடனிகழ்வு. முன்னையதற்குச் செயலிகள் பல வேண்டும். பின்னையதற்கு ஒன்றே போதும். நாம் பேசப்புகுவது பெரும்பாலும் பின்னையதைப் பற்றியே.

காத்திருத்தலின் அளவு

இற்றைநாட் கணனியின் செயலி ஒரு செக்கனில் நூறு கோடிக்கு மேற்பட்ட எளிய கட்டளைகளை நிறைவேற்ற வல்லது. ஒரு கட்டளைக்குச் செல்லுங் காலம் ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு என்று கொள்வோம். அத்துணைச் சிறு காலத்தை மனத்தாற் பற்றுதல் அரிதாதலின், அதனை ஒரு முழுச் செக்கனாக நீட்டிப் பார்ப்போம். ஏனைய காலங்களையும் அவ்விகிதப்படியே நீட்டுவோம்.

அவ்வளவையாலே நோக்கின், செயலி தன் பிரதான நினைவகத்திலிருந்து ஒரு தரவைப் பெறுதற்கு ஏறத்தாழ 100 செக்கன் காத்திருத்தல் வேண்டும். சுழலும் வட்டிலிருந்து பெறுவதாயின் ஏறக்குறைய நான்கு மாதம் செல்லும். அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஐரோப்பாவிலுள்ள கணனிக்கு ஒரு செய்தி சென்று மறுமொழி மீளுதற்கோ நாலரை ஆண்டுக்கு மேலாகும்! கடிதம் ஒன்றை அஞ்சலிற் சேர்த்துவிட்டு, நாலரை ஆண்டு வாயிலையே நோக்கி வாளா நிற்கும் ஒருவரை நாம் யாதென்போம்? பிறிதோர் ஏற்பாடு செய்யாதவிடத்துச் செயலியின் நிலை அதுவே. பலர்க்குச் சேவை புரியும் கணனியின் பெரும்பொழுது கணித்தலிற் கழிவதில்லை, காத்திருத்தலிலே கழிகின்றது.

இதனை ஒரு குசினியிலே வைத்துக் காண்போம். விடுதியொன்றின் சமையற்காரர் உலையை ஏற்றிவிட்டு, சோறு வேகும் வரையும் அதன் முன்னே கைகட்டி நின்று, அதன் பின்னரே பருப்பை அடுப்பில் வைத்து, அது வெந்த பின்னரே தேங்காய் துருவத் தொடங்கினால், பிள்ளைகளுக்கு மதியபோசனம் பொழுதுபட்ட பின்னரே கிடைக்கும்.

இழைகள்

இவ்விடர்க்கு முதலிற் கண்ட மருந்து, பானைக்கு ஒருவராகச் சமையற்காரரைச் சேர்த்தல். 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் தொழினுட்ப நிலையத்திலே பெர்னாண்டோ கோர்படோ என்பாரும் அவர்தம் குழுவினரும் ஒரே கணனியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறையைச் செய்து காட்டினர். கணனியின் பணிசெயல் முறைமை ஒரு மேற்பார்வையாளர் போல நின்று, சிறிது நேரம் ஒருவர் வேலையையும் சிறிது நேரம் மற்றொருவர் வேலையையும் நடத்தும். காலம் முடிந்ததும், வேலை எந்நிலையில் இருப்பினும் அதனை நிறுத்தி அடுத்ததை அழைக்கும். இவ்வழியிலே வளர்ந்தவையே இழைகள். ஒரு நிரலினுள்ளே தனித்தனி ஓடும் செயலோட்டம் ஒவ்வொன்றும் ஓர் இழை எனப்படும்.

இழைகள் நல்லனவே; எனினும் அவற்றுக்கு விலையுண்டு. ஒவ்வோர் இழைக்கும் விட்ட இடத்தைக் குறித்து வைக்கும் அடுக்கு ஒன்று வேண்டும். ஜாவா மொழியிலே வழக்கமான இழையொன்றுக்கு 64 பிட் லினக்ஸ் கணனியில் ஏறத்தாழ ஒரு மெகாபைட் இடம் இதன்பொருட்டு ஒதுக்கப்படுகின்றது. முழுவதும் உடனே பயன்படாவிடினும், பதினாயிரம் இழைகளுக்குப் பத்து ஜிகாபைட் அளவினதான இடத்தைக் கணக்கில் வைத்தல் வேண்டும். ஓர் இழையை நிறுத்தி மற்றொன்றை எழுப்புதற்கும் காலஞ் செல்லும். பதினாயிரம் சமையற்காரர் ஒரு குசினியுள் நின்றால், சமைத்தலினும் ஒருவர்க்கொருவர் வழிவிடுதலே பெருவேலையாய்விடும் அன்றோ? ஒரு கணனி ஏககாலத்திற் பதினாயிரம் பேருக்குச் சேவை செய்ய இயலாதா என்னும் வினாவை 1999ஆம் ஆண்டில் டான் கேகல் என்னும் அமெரிக்கர் எழுப்பியபோது, அது துறையினர் எல்லார் கவனத்தையும் ஈர்த்தது.

மெல்லிய பணிகள்

அவ்வினாவுக்கு விடை, சமையற்காரரைப் பெருக்குவதன்று. ஒருவரே நல்லவண்ணம் வேலை செய்யும் முறையை அமைப்பது. உலையை ஏற்றியவர் அது கொதிக்கும் வரை நில்லாது பருப்பை வைப்பார். பருப்பு வேகும் வரை தேங்காய் துருவுவார். எந்தப் பானை கொதித்து அழைக்கின்றதோ அதனிடம் மீளுவார். கணனியில் இம்முறைக்கு நிகழ்வுச் சுழல் என்று பெயர். எந்தத் தொடர்பிலே தரவு வந்து சேர்ந்தது என்பதைப் பணிசெயல் முறைமையே அறிவிக்கும் ஏற்பாடு லினக்சில் 2002ஆம் ஆண்டளவில் அமைந்தது. 2004இல் வெளிவந்த என்ஜின்எக்ஸ் என்னும் சேவை மென்பொருளும், 2009இல் ரயன் டால் வெளியிட்ட நோட் ஜேஎஸ் என்பதும் இந்நெறியிலே எழுந்தவை.

ஆயின் இம்முறையில் நிரல் எழுதுதல் தொடக்கத்திலே பெருந்தொல்லையாயிருந்தது. ஒவ்வொரு பானையின் பக்கத்திலும், “இது கொதித்ததும் இன்னது செய்க” என்று ஒரு துண்டெழுதி ஒட்டவேண்டும். இதனை மீளழைப்பு என்பர். ஒரு துண்டினுள் மற்றொரு துண்டும், அதனுள் இன்னொன்றுமாக அடுக்கடுக்காய் எழுத நேரின், வேலையின் ஒழுங்கு எழுதியவர்க்கே விளங்காது போகும். இடையில் ஒரு பானை கவிழ்ந்தால் அதனை யாரிடம் முறையிடுவது என்பதும் தெரியாது.

இத்தொல்லை தீர்ந்தது ஒரு பழைய எண்ணத்தினாலே. மெல்வின் கான்வே என்பார் 1958இலே பெயரிட்டு, 1963இலே கட்டுரையாக வெளியிட்ட கோரூட்டீன் என்னும் எண்ணம் அது. வழக்கமான செயற்கூறு ஒன்று தொடங்கினால் முடிந்தே தீரும். கோரூட்டீனோ இடைவழியிற் தானாகவே நின்று, பிறர்க்கு இடங்கொடுத்து, அழைக்கப்பட்டபோது விட்ட இடத்திலிருந்து தொடரும். நம் அவதானியின் வெண்பாவும் இவ்வகையதே. சீஷார்ப் மொழி 2012இலும், பைத்தன் 2015இலும், ஜாவாஸ்கிரிப்ட் 2017இலும் ‘காத்திரு’ என்னும் பொருள்தரும் ஒரு சொல்லைத் தம் இலக்கணத்திற் சேர்த்துக்கொண்டன. நிரலாளர் சமையற் குறிப்பை மேலிருந்து கீழாக நேரே எழுதுவார். காத்திருக்க வேண்டிய இடத்தில் அச்சொல்லை இடுவார். நிறுத்துதலையும் தொடருதலையும் மொழியே பார்த்துக்கொள்ளும்.

இச்சொல்லை இட்டவுடன் வேகம் வந்துவிடும் என்று எண்ணுதல் தொடக்க மாணவர் செய்யும் பிழை. மூன்று கணனிகளிடமிருந்து மூன்று தகவல்கள் பெற வேண்டுமென்க. அவை முறையே 200, 300, 400 மில்லிசெக்கன் எடுக்கும். முதலாவதற்குக் காத்திருந்து, பின் இரண்டாவதைக் கேட்டு, அதற்கும் காத்திருந்து, பின் மூன்றாவதைக் கேட்பின் மொத்தம் 900 மில்லிசெக்கன் செல்லும். மூன்றையும் முதலிற் கேட்டுவிட்டு, அதன் பின்னர்க் காத்திருப்பின் 400 மட்டுமே. ‘காத்திரு’ என்ற சொல் இரு நிரல்களிலும் உண்டு. வேலையைத் தொடங்கிய ஒழுங்கே வேறு.

இப்பணிகள் மிக மெல்லியவை. கூகிள் நிறுவனத்தில் ராபர்ட் கிரீசமர், ராப் பைக், கென் தாம்சன் ஆகிய மூவர் வகுத்து 2009இல் வெளிவந்த கோ மொழியிலே ஒரு பணி 2 கிலோபைட் அடுக்குடன் தொடங்குகின்றது, வேண்டியபோது வளர்கின்றது. பதினாயிரம் பணிகளுக்கும் தொடக்கத்தில் 20 மெகாபைட் போதும். 2023இல் வெளிவந்த ஜாவாவின் 21ஆம் பதிப்பும் இத்தகைய மெல்லிழைகளை ஏற்றுக்கொண்டது.

பொதுக் கணக்கேடு

நிற்க. இதுவரை பயனைக் கூறினோம். இனி இடரைக் கூறுவோம். பழைய மாணவர் சங்கமொன்றின் நிதிக் கணக்கேட்டிலே 1000 ரூபா இருப்பு என்று கொள்வோம். பொருளாளரும் உதவிப் பொருளாளரும் ஒரே வேளையில் ஏட்டைப் பார்த்து இருப்பு 1000 என அறிகின்றனர். பொருளாளர் 200 ரூபாவைக் கூட்டி 1200 என எழுதுகின்றார். உதவிப் பொருளாளர், தாம் முன்னர்ப் பார்த்த 1000 உடன் 300ஐக் கூட்டி 1300 என எழுதுகின்றார். இருவரும் நேர்மையாளர், இருவர் கூட்டலும் சரி, எனினும் 200 ரூபா காணாமற் போயிற்று. பணிகள் முந்திப் பிந்துவதால் விடை மாறும் இப்பிழையைப் போட்டிநிலை என்பர்.

ஒரே செயலி மாறி மாறிச் செய்யும் முறையில் இப்பிழை நேராது என்று பலர் நம்புகின்றனர். அந்நம்பிக்கை பாதியே உண்மை. ‘காத்திரு’ என்ற சொல் இல்லாத இடத்திலே பணி இடையறாது நிகழும். வேறு பணி உட்புகாது. ஆயின் இருப்பைப் பார்த்தலுக்கும் புதிய இருப்பை எழுதுதலுக்கும் நடுவே அச்சொல் ஒன்று நிற்குமாயின், அவ்விடம் திறந்த கதவாகும். அதன்வழி வேறொரு பணி புகுந்து ஏட்டை மாற்றிவிட்டுப் போகலாம். எனவே நிரலாளர் அச்சொல்லைக் காணுந்தோறும், “நான் மீளும்போது, விட்டுப்போன உலகம் அவ்வாறே இருக்குமா?” என்று தம்மைத் தாமே வினவுதல் கடன்.

இஃது ஏட்டுக் கணக்கோடு முடியும் செய்தியன்று. புற்றுநோயாளருக்குக் கதிர்ச் சிகிச்சை அளிக்கும் தெராக்-25 என்னும் பொறியைக் கனடா அணுசக்தி நிறுவனம் ஆக்கியது. 1985க்கும் 1987க்கும் இடையிலே அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளர் இப்பொறியால் அளவு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவருட் சிலர் அதனால் உயிர்நீத்தனர். 1986இல் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் நேர்ந்தவை இரண்டு. பொறியின் நிரலிலே ஒரு பணி விசைப்பலகையைக் கவனித்தது. மற்றொரு பணி காந்தங்களை ஒழுங்குபடுத்தியது. இரண்டும் ஒரே நினைவிடத்தைப் பகிர்ந்தன. காந்தங்கள் நிலைபெற எட்டுச் செக்கன் அளவு செல்லும். இயக்குபவர் எக்ஸ் கதிர் எனத் தவறாகத் தட்டி, உடனே இலத்திரன் கதிர் எனத் திருத்தி, அவ்வெட்டுச் செக்கனுக்குள் முடித்துவிட்டால், திருத்தம் நிகழ்ந்ததை மற்றைய பணி அறியாது போயிற்று. திரையிலே ஒன்று, பொறியினுள்ளே வேறொன்று.

இப்பிழை எளிதில் அகப்படவுமில்லை. மெல்லத் தட்டிப் பார்த்தவர்க்கு எக்குறையும் தோன்றவில்லை. நாள்தோறும் தட்டிக் கைபழகியவர் வேகமாகத் தட்டியபோதே அது வெளிப்பட்டது. மருத்துவமனையின் பௌதிகவியலாளரும் இயக்குபவரும் பன்முறை முயன்று, வேகமே காரணம் என்பதைக் கண்டறிந்தனர். முந்திய பொறிகளில் இருந்த வன்பொருட் காப்புகள் இதில் நீக்கப்பட்டு, நிரலே முழுக் காவலாக விடப்பட்டமையும் கேட்டைப் பெருக்கியது. நான்சி லெவ்சன், கிளார்க் டேர்னர் என்னும் இருவர் 1993இல் இவற்றையெல்லாம் விரிவாக ஆராய்ந்து எழுதினர். நிரலெழுதுவோர் யாவரும் கற்கவேண்டிய பாடம் அது.

பகிராது பேசுதல்

இனி, இடரைக் குறைக்கும் வழிகளைக் காண்போம். ஒன்று பூட்டு: ஏட்டை ஒருவர் கையில் வைத்திருக்கும்போது மற்றவர் தொடாதிருத்தல். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்னும் ஒல்லாந்த அறிஞர் 1965இலே இதன் அடிப்படையை வகுத்துக் கட்டுரை எழுதினார். ஆயின் இருவர் இரு பூட்டுகளை வைத்துக்கொண்டு, ஒருவர் பூட்டுக்கு மற்றவர் காத்திருப்பாராயின் இருவரும் என்றென்றைக்கும் நின்றுவிடுவர்.

மற்றொரு வழி, ஏட்டைப் பகிராமலே விடுதல். ஏடு ஒருவரிடமே இருக்கும். ஏனையோர் அவருக்குச் செய்தி அனுப்புவர். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பதிவார். டோனி ஹோர் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1978இல் இத்தகைய செய்திப் பரிமாற்றத்துக்கு இலக்கணம் வகுத்தார். கோ மொழியின் வாய்க்கால்கள் அவ்வழியில் வந்தவை. சுவீடனின் எரிக்சன் நிறுவனத்திலே 1986ஆம் ஆண்டில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங் என்பார் தொடங்கிய எர்லாங் மொழியும் பகிராமையையே அடிப்படையாகக் கொண்டது. தொலைபேசி நிலையங்களுக்காக எழுந்த அம்மொழியிலே, ஓர் அழைப்பு பழுதுற்றாலும் ஏனையவை பழுதுறலாகாது. ஆதலின் ஒவ்வொரு பணிக்கும் தனி நினைவிடம். செய்தியாலன்றி ஒன்றையொன்று தொடாமை. வீழ்ந்த பணியை மீண்டும் எழுப்புதற்கு மேற்பார்வைப் பணி. அம்மொழியைக் கைக்கொண்ட வாட்ஸ்அப் நிறுவனம், ஒரே சேவைக் கணனியில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட தொடர்புகளைத் தாங்கியதாக 2012இல் அறிவித்தது.

மாணவர்க்குச் சில சொற்கள்

இத்துறையில் இறங்கும் இளைஞர் மூன்று செய்திகளை மனங்கொள்ளுதல் நலம்.

முதலாவது: இம்முறை காத்திருத்தலுக்கு மருந்தேயன்றிக் கணித்தலுக்கு மருந்தன்று. சமையற்காரர் அம்மியில் அரைக்கத் தொடங்கி ஒரு மணி நேரம் தலைநிமிராதிருந்தால், அடுப்பிலுள்ளவையெல்லாம் கருகும். அதுபோல நிகழ்வுச் சுழலிலே நீண்ட கணிப்பு ஒன்றை வைத்தால், ஏனையோர் அனைவரும் மறுமொழியின்றி நிற்பர். கோ மொழியிலேயே, இடைவிடாது சுழலும் சில கணிப்புகள் பிறர்க்கு இடங்கொடாது நின்ற குறை இருந்தது. 2020இல் வெளிவந்த 1.14 பதிப்பில் அத்தகைய பணிகளை வலிந்து நிறுத்தும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. பிறர் தாமாகவே இடந்தருவர் என்னும் நம்பிக்கை எங்கும் போதாது என்பதற்கு இது சான்று.

இரண்டாவது: மெல்லியது என்று கருதி அளவின்றித் தொடங்குதல் தகாது. பணிகள் பதினாயிரம் ஆகலாம். அவை சென்று கேட்கும் தரவுத்தளம் அத்தனையைத் தாங்குமா? போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளம் மாற்றியமைக்கப்படாதவிடத்து ஏறத்தாழ நூறு தொடர்புகளையே ஏற்கும். எனவே, ஒரே வேளையில் எத்தனை என்னும் வரம்பை நிரலாளரே இடுதல் வேண்டும்.

மூன்றாவது: தொடங்கிய ஒவ்வொரு பணிக்கும் ஒரு பொறுப்பாளர் இருத்தல் வேண்டும். அது முடிந்ததா, பழுதுற்றதா, இனி வேண்டாவெனின் நிறுத்துவது யார் என்பன எழுதும்போதே விடைகாணப்பட வேண்டியவை. தொடங்கிவிட்டு மறந்த பணி, அடுப்பில் வைத்து மறந்த பானையை ஒக்கும்.

முடிவாக ஒன்று. ஒருவர் பலர்க்கு உழைப்பது வேகத்தால் மட்டும் ஆவதன்று. காத்திருக்கும் பொழுதைப் பிறர்க்குக் கொடுத்தல், பிறர் பொருளைக் கலக்காதிருத்தல், விட்ட இடத்தை மறவாது மீளுதல் என்னும் மூன்று ஒழுக்கங்களாலே அது கைகூடுகின்றது. பதினாயிரம் பேருக்குச் சேவை செய்யும் நிரலுக்கும் இவையே இலக்கணம். அவைநடுவே வெண்பாப் பாடும் அவதானிக்கும் இவையே இலக்கணம். தெராக் பொறியின் முன் படுத்திருந்த நோயாளியின் உயிர், இவ்வொழுக்கங்களுள் ஒன்று தவறியமையாலே போயிற்று என்பதை நம் மாணவச் செல்வங்கள் மறவாதிருப்பாராக. அவர் எழுதும் நிரல்கள் நாளை எவர் உயிரையும் பொருளையும் காக்க நேரும் என்பதை யாரறிவார்? அந்நாளுக்குரிய கவனத்தை இன்றே பழகி, நம் கல்லூரித் தாய்க்குப் பெருமை சேர்ப்பார்களாக.